ஓடு பிரித்த வீடு

பதுளை பஸாரின் பின்பக்கத்து ஒழுங்கையில், ஷுக்ரியின் வீட்டுக்குள் நடுப்பகலில் புதிதாக நுழைகிற எவரும் முதலில் செய்கிற காரியம் எதிலாவது போய் முட்டிக்கொள்வதுதான். தெரிந்தவர்கள் வாசலிலேயே கொஞ்சம் நின்று, கண் இருட்டுக்குப் பழகிய பிறகு காலை எடுத்து வைப்பார்கள். ஷுக்ரியின் வாப்பா கட்டிய வீடு அது. தடித்த மண்கல் சுவர், புகை பிடித்துக் கறுத்த ஓடு, முன்னால் ஒரு கடையின் களஞ்சியம், பின்னால் மண்மேடு. கள்ளனுக்குப் பயந்து ஜன்னலே வைக்காமல் கட்டிவிட்டார் மனிதர். கள்ளனும் வரவில்லை, வெயிலும் வரவில்லை.

நடு அறையில் றஷீனாவின் தையல் மெஷின் இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கும் தலைக்கு மேலே பல்ப் எரிய வேண்டும். ஹாலிஎலயில் இருந்தும் நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும் பள்ளிக்கூடச் சட்டைக்கும் தீபாவளிச் சட்டைக்கும் துணி கொண்டுவருவார்கள். கறுப்புத் துணி தைக்கிற நாளில் றஷீனா அழாத குறை. ஊசியில் நூல் கோக்க மகள் ஸிஹாமாவைக் கூப்பிடுவாள். கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த காலம் முதல் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஒரு ஜன்னல். நகை கேட்டவளில்லை, ஊர்சுற்றக் கேட்டவளில்லை. துணிக்கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளருக்குச் சிரித்துச் சிரித்துப் பழகிய ஷுக்ரி, அதே சிரிப்போடு தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

இந்த வருடம் அவருக்கு என்ன தோன்றியதோ, ஆளைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். அஜந்தன் பாஸ். நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்காரன். கல்லும் கட்டுவான், கூரையும் போடுவான். நடு அறைக்கும் முன் அறைக்கும் மேலே இருந்த ஓட்டைக் கழற்றிவிட்டு ஷீட் போடுவது, இடையில் வெளிச்சம் விழ ஒரு கண்ணாடி ஷீட், பக்கச் சுவரை உடைத்து இரண்டு ஜன்னல். இதுதான் பேச்சு. பலகைச் சட்டம் போட்ட ஜன்னல் இரண்டும் வந்து முன் அறையில் சாய்ந்து நின்றன. ஒழுங்கைப் பெண்கள் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஷுக்ரியும் லீவு போட்டுவிட்டு ஓட்டின் மேல் ஏறினார். துணிக்கடைக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், ஓடு உடையாமல் இறக்க வேண்டுமாம். நடு அறைக்கு மேலே முதல் வரிசை ஓடு கழன்றதும் வெயில் நேராக மெஷின் மேல் விழுந்தது. மேலிருந்தே சத்தம் போட்டார்.

"றஷீனா, ஒன்ட மெஷின் பச்ச நெறமாடி? நான் இவ்வளவு காலமும் கறுப்பெண்டுதானே நெனச்சிட்டீந்த!"

கீழே எல்லோரும் சிரித்தார்கள். றஷீனா முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் காலை ஓட்டின் மேலிருந்து இறங்கி வந்தவர், நெஞ்சு கரிக்கிறது, பிளேன்டி ஒன்று ஊற்று என்றார். அவள் தேத்தண்ணியோடு வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. ஆள் இல்லை.

ஜனாஸா அந்த வீட்டில் இருந்துதான் போனது. கூரையில்லாத நடு அறையில், வானம் பார்க்கத்தான் கிடத்தியிருந்தார்கள்.

அதன் பிறகு றஷீனா, புருஷனை இழந்தவள் மறைந்திருக்கிற இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும். வீட்டில் ஓடு மிச்சமாக இருந்தது பின் அறைக்கு மட்டும். அங்கே பாய் போட்டு, வெள்ளை உடுத்தி, அவளை உட்கார வைத்தார்கள். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது, குரலும் வெளியே போகக்கூடாது. ஸிஹாமா வாசலுக்கும் பாய்க்கும் இடையில் பேச்சைச் சுமந்துகொண்டு நடந்தாள். வருகிறவர்கள் சொல்வதை உள்ளே சொல்வாள், உம்மா சொல்வதை வெளியே சொல்வாள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை.

ஷுக்ரி இறந்த அன்றைக்கு நடந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. திறந்த கூரையை மூடுவதற்கென்று ஷுக்ரி பெரிய நீலத் தறப்பாள் ஒன்று வாங்கி வைத்திருந்தார். மௌத்து விழுந்த பதற்றத்தில், பின் அறையில் இருந்து குளியலறை வரைக்கும் றஷீனா மறைவாக நடக்க வேண்டுமே என்று, பெண்கள் அந்தத் தறப்பாளை நீளநீளமாக வெட்டி இரண்டு பக்கமும் திரை கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு இஸ்ரா தாத்தாதான் கத்தரிக்கோலைப் பிடித்தவர்; அக்காவைத் தாத்தா என்பதுதான் இங்கே வழக்கம். அன்பில்தான் செய்தார்கள். ஒருவருக்காவது அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

அப்புறம் மழை தொடங்கியது. பதுளையில் இந்தக் காலத்து மழை மத்தியானம் வரைக்கும் நல்ல பிள்ளைபோல் இருக்கும். பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு நமுனுகுல பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, விடியும்வரை ஊற்றும். மெஷினைச் சாக்கில் சுற்றிப் பின் அறைக்குள் இழுத்துப் போட்டார்கள். நடு அறையிலும் முன் அறையிலும் தண்ணீர் கட்டி நின்றது. ஸிஹாமா காலையில் எழுந்ததும் தும்புத்தடியால் தண்ணீரைத் தள்ளுவாள், பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு இஸ்ரா தாத்தா வீட்டுக்குப் போவாள். மண்கல் சுவர் மழையைக் குடித்துக் குடித்து ஊதியது. சாந்து பொருக்குப் பொருக்காக விழுந்தது.

கூரையைப் போடலாமே என்று யாரும் சொல்லவில்லை. போடக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. நடு அறைக்கும் பின் அறைக்கும் நடுவிலிருக்கிற சுவர் முகடு வரைக்கும் போகாது, பாதியில் நிற்கும். மேலே ஏறுகிற ஆண்பிள்ளை தலையைத் திருப்பினால் இத்தாப் பெண் தெரிவாள். அதனால் அவனை எப்படி ஏற்றுவது என்று ஒவ்வொருவரும் தன் பாட்டில் நினைத்துக்கொண்டார்கள். அஜந்தன் இரண்டு தடவை வந்து ஒழுங்கை முனையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

அந்த நடுச்சுவர் வெடித்த பிறகுதான் ஷுக்ரியின் தம்பி ஷிராஸ் பண்டாரவளையில் இருந்து ஓடி வந்தார். வரும்போதே பள்ளிவாசல் ஹஸரத்திடம் கேட்டுவிட்டு வந்திருந்தார். அஜந்தனையும் வரச் சொல்லியிருந்தார்.

மழை ஓய்ந்த காலை. ஷிராஸ் முன் அறையில் ஈரமில்லாத ஒரு மூலையாகப் பார்த்து நின்றார். அஜந்தன் வெளியே முற்றத்தில், அடுக்கிய ஓட்டுக்குப் பக்கத்தில் நின்றான். ஸிஹாமா திரைக்கு அருகில் நின்றாள்.

"புள்ள, உம்மாக்கிட்ட செல்லு," என்றார் ஷிராஸ். "ஹஸரத் செல்றார், வீடு விழுற மாதிரி ஈந்தா வேற எடத்துக்குப் போறதுல குத்தமில்லயாம். வேன் கொண்டாந்தீக்கி. கண்ணாடிக்கெல்லாம் துணி கட்டீக்கி. எங்கட ஊட்ட வந்து மிச்ச இத்தாவ ஈக்கட்டும். சாச்சியும் ஈக்கிற."

ஸிஹாமா உள்ளே போனாள். றஷீனா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். காதில் எல்லாம் விழுந்துதான் இருந்தது. அந்த வீட்டில் இப்போது எந்தப் பேச்சையும் தடுக்கச் சுவருக்கும் வலுவில்லை.

"நான் போகல்ல எண்டு செல்லு. அவர இங்க ஈந்துதான் தூக்கின. நானும் இங்கயே முடிக்கிற."

ஸிஹாமா வெளியே வந்து சொன்னாள். ஷிராஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதரில்லை. நானாவின் பெண்சாதியை ஈரச் சுவருக்குக் கீழே விட்டுவிட்டுப் போய் எப்படித் தூங்குவது என்பதுதான் அவருடைய கவலை. அவளைக் கூட்டிப் போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதும் அதில் பாதி இருந்தது.

"பாஸ், நீங்க செல்லுங்க. சுவர் நிக்குமா?"

"இன்னக்கி நிக்கும் மொதலாளி. இன்னக்கி ராவு மழக்கி நிக்குமான்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியலீங்க." அஜந்தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "பக்கச் சொவருல ஜன்னலுக்கு ஒடச்சேன்ல, மேல மரம் குடுக்காம ஒடச்சுப்புட்டேன். அது என் பெசகு. மறுநாளு குடுத்துக்கலாம்னு இருந்தேன். மறுநாளு இப்புடி ஆகிப்போச்சு. அதுலதான் மொத்தச் சொவரும் ஆடுது."

"இப்ப என்ன செய்யேலும்?"

"ரெண்டு வழி இருக்குங்க. ஒண்ணு, ஒடச்ச எடத்த கல்லு வச்சு அடச்சுப்புட்டு, பழைய ஓட்டையே மேல ஏத்திறலாம். முன்ன இருந்த மாதிரியே ஆயிரும். இல்லாட்டி ஜன்னல் சட்டத்த நிறுத்தி, தூணு குடுத்து, ஷீட்டப் போட்ரலாம். எதுன்னாலும் மழைக்கி முன்ன முடிச்சிருவோம், ரெண்டு பேரு வந்திருக்கோம். ஆனா இன்னக்கே சொல்லணும். நாளைக்கு தீபாவளிக்கு லயத்துக்குப் போயிட்டா, அப்பறம் ஒரு வாரத்துக்கு ஒரு பயலும் எறங்கி வரமாட்டான். நானும் வரமாட்டேன், பொய் சொல்லக்கூடாதுல்ல."

"மேல ஏறினா உள்ள…"

"நாங்க குனிஞ்ச தலை நிமிர மாட்டோம் மொதலாளி. அந்தம்மா தச்ச சட்டையப் போட்டுத்தான் எங்க புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுது."

ஷிராஸ் ஸிஹாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். "ஹஸரத்தும் செல்றார், மறைச்சு ஈந்தா போதும் எண்டு. மேலால போத்திட்டு ஈக்கட்டும். எப்பிடிச் செய்ற எண்டு உம்மாக்கிட்டக் கேளு."

ஸிஹாமா உள்ளே போய்ப் பாய்க்குப் பக்கத்தில் குந்தினாள். றஷீனா அவளைப் பார்க்காமலே பேசினாள்.

"அடைக்கச் செல்லு. எல்லாத்தயும். ஒரு ஓட்ட ஈக்கப்படா."

"உம்மா, ஜன்னல் வந்து கெடக்கிதே."

"வெறகுக்கு எடுக்கச் செல்லு."

"வாப்பா ஆசைப்பட்டுத்தானே…"

"வாப்பா ஆசப்பட்டாரா? நான் நச்சரிச்சு நச்சரிச்சுத்தானே அவர் ஏறின. ஓட்டுக்கு மேல அவர ஏத்தின நான்டி. வெளிச்சம் வெளிச்சம் எண்டு கேட்டுக் கேட்டு மனுசன நானே கொன்டுட்ட. அந்த ஜன்னலால வாற வெளிச்சத்துல நான் எப்பிடி ஒக்காந்து சோறு தின்ற? செல்லு. அடைக்கச் செல்லு."

"டொக்டர் சென்னாரே, அவருக்கு முந்தியே நெஞ்சில வருத்தம் ஈந்தீக்கி எண்டு."

"டொக்டர் இந்த ஊட்டுலயா ஈந்த? போய்ச் செல்லுடி."

குரலை உயர்த்த முடியாது. இவ்வளவையும் மூச்சுக்குள்தான் சொன்னாள். அப்படிச் சொன்னதில் கழுத்து நரம்பு புடைத்தது.

ஸிஹாமா திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். முற்றத்து வெயில் அவள் முகத்தில் அடித்தது. கால் விரல்கள் சேற்றுத் தண்ணீரில் ஊறி வெளிறிப் போயிருந்தன. ஷிராஸ் பார்த்தார், அஜந்தன் பார்த்தான். அவள் சாய்ந்து நின்ற ஜன்னல்களைப் பார்த்தாள்.

"உம்மா செல்றாங்க," என்றாள். "ஜன்னல் வைக்கட்டாம். ரெண்டும் வைக்கட்டாம். கண்ணாடி ஷீட்ட மெஷின் ஈந்த எடத்துக்கு நேரா போடட்டாம்."

திரைக்கு அந்தப் பக்கம் தஸ்பீஹ் மணியின் சத்தம் நின்றது.

ஷிராஸ் உடனே தலையாட்டவில்லை. ஜன்னல் என்ற பேச்சை எடுத்தாலே மதினி அழுகிறார் என்று மனைவி போனில் பேசிவிட்டுச் சொல்லியிருந்தாள். அவர் திரையை நோக்கி ஓரடி வைத்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"மதினி, புள்ள செல்றது நீங்க சென்னதா?"

பதில் இல்லை. நிகாஹ் வீட்டில் பெண்ணின் பொறுப்பாளரான வலியார் கேட்கும்போது பெண் பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். இது நிகாஹ் வீடல்ல. இங்கே பேசாமலிருப்பதற்கு என்ன பொருள் என்று ஷிராஸுக்குத் தெரியவில்லை. ஸிஹாமாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உம்மா இல்லை என்று சொன்னால் சாச்சாவின் முன்னாலும் அந்நிய மனிதன் முன்னாலும் அவள் பொய்க்காரி. அதைவிட, இந்தச் சுவர்களுக்குள் மறுபடியும் பகலில் பல்ப் போட்டுக்கொண்டு, உம்மாவின் குற்றத்துக்குக் காவலிருக்க வேண்டும்.

"மதினி?"

"ஓ," என்றது உள்ளே இருந்து ஒரு குரல். கரகரத்து, பழுதான குரல். மௌத்துக்குப் பிறகு அந்தக் குரல் திரையைத் தாண்டியது அப்போதுதான். "நான்தான் சென்ன."

அஜந்தன் தலையைக் குனிந்துகொண்டு சட்டத்தைத் தூக்கப் போனான்.

வேலை தொடங்கியது. இஸ்ரா தாத்தா தன் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து றஷீனாவைத் தலையோடு மூடிவிட்டார். அவள் மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். மேலே மரத்தில் ஆணி இறங்குகிற சத்தம், தகர ஷீட் உரசுகிற சத்தம், இடையிடையே "புடி, புடி, வுடாத" என்ற சத்தம். மத்தியானம் லுஹருக்கு இஸ்ரா தாத்தா பாணும் பருப்பும் மாசிச் சம்பலும் கொண்டுவந்தார். கம்பளிக்குள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினார்கள். அது தொடாமல் திரும்பி வந்தது. அஜந்தனும் கூட வந்தவனும் முற்றத்து ஓட்டின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஸிஹாமா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பாதி சீனி கீழே கொட்டியது.

"தங்கச்சி, சாப்புட்டீங்களா?" என்று கேட்டான் அஜந்தன்.

"ஓ," என்றாள். அதுவும் பொய்தான். ஒரு நாளைக்கு எத்தனை.

அஸர் நெருங்கிய நேரம், மேட்டுப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. தூணை நிறுத்திக் கடைசி மரத்தை ஏற்றும்போது நடுச்சுவர் அசைந்தது. "அம்மா, நவுருங்க! நவுருங்கம்மா!" என்று அஜந்தன் மேலிருந்து கத்தினான். சுவரின் மேல்வரிசைக் கற்கள் சாந்தோடு பெயர்ந்து பின் அறைக்குள் விழுந்தன. பாயின் கால்மாட்டில், ஒரு சாண் இடைவெளியில்.

ஸிஹாமா தூசிக்குள் ஓடினாள். கம்பளி இருந்த இடத்திலேயே இருந்தது. அசையவில்லை. அவள் பிடித்து இழுத்தாள், உள்ளே உயிரோடுதான் இருந்தாள் றஷீனா. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். பயந்த முகமில்லை அது. எதையோ எதிர்பார்த்து, அது வராமல் போன முகம்.

மேலே அஜந்தன் பதறினான். "தங்கச்சி, அம்மாக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"ஒண்ணுமில்ல," என்று கத்தினாள் ஸிஹாமா. "நீங்க வேலையச் செய்ங்க! நிப்பாட்ட வேணா!"

பிறகு உம்மாவோடு சேர்ந்து தானும் கம்பளிக்குள் புகுந்துகொண்டாள். உள்ளே இருட்டும் ஈரக் கம்பளி வாடையும்.

"விழட்டும் எண்டுதானே ஒக்காந்தீந்தீங்க."

றஷீனா கம்பளியின் ஓரத்தை இழுத்து மூடிக்கொண்டாள்.

"செல்லுங்க உம்மா."

"நீ பொய் சென்னாய். எனக்காக எண்டு நெனச்சிக்கிட்டா சென்ன?"

"இல்ல. எனக்காகத்தான் சென்ன." பிள்ளை அழுதுகொண்டே சொன்னாள். "வாப்பாவும் இல்ல. நீங்களும் இந்த மூலையிலயே மௌத்தாகப் பாக்குறீங்க. நான் எங்க போற? ஒங்களோட இந்த இருட்டுல இனி எனக்கு ஈக்கேலா. ஏலவே ஏலா உம்மா. அடிக்கிறதெண்டா அடிங்க."

றஷீனா கையை எடுத்தாள். அடிப்பாள் என்று நினைத்து ஸிஹாமா கண்ணை மூடிக்கொண்டாள். றஷீனா அவள் தலையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு தட்டிக்கொண்டே இருந்தாள், மண் போன பிறகும்.

மேலே கடைசி ஆணி இறங்கியது. கல் பெயர்ந்த இடத்தைப் பலகை வைத்து மறைத்துவிட்டு, அஜந்தன் இறங்கி வந்து ஷிராஸிடம் ஏதோ சொன்னான். தீபாவளி முடிந்ததும் நடுச்சுவரைக் கட்ட வருவதாகச் சொல்லியிருக்க வேண்டும். நமுனுகுல பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே முதல் துளி ஷீட்டின் மேல் விழுந்தது. அப்புறம் கல்லள்ளிக் கொட்டுவதுபோல் ஒரே சத்தம். ஷிராஸும் வேனும் இன்னும் போகவில்லை. மழை விடட்டும் என்று முன் அறையில் நின்றார். ஜன்னலைச் சாத்துவதா திறப்பதா என்று தெரியாமல் ஒன்றைச் சாத்திவிட்டு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்.

"போய்ப் பாரு," என்றாள் றஷீனா கம்பளிக்குள்ளிருந்து. "ஒழுகுதா எண்டு பாரு."

ஸிஹாமா நடு அறைக்குப் போனாள். மழை நேரத்துச் சாம்பல் வெளிச்சம்தான். ஆனாலும் சுவரின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது, தரையில் கிடந்த ஆணியும் தெரிந்தது. பல்ப் எரியவில்லை.

"ஒழுகல்ல உம்மா."

"நல்லாப் பாரு. மூலையெல்லாம் பாரு."

அவள் அண்ணாந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். கண்ணாடி ஷீட்டின் மேல் தண்ணீர் ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை.

"ஒண்ணுமில்ல உம்மா. ஒரு எடத்துலயும் ஒழுகல்ல."

அப்போதுதான் றஷீனா அழத் தொடங்கினாள். மௌத்து வீட்டிலும் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதவள். இப்போது வாய்விட்டு, ஷுக்ரியின் பெயர் சொல்லி, "இங்க பாருங்களே, இங்க வந்து பாருங்களே" என்று அழுதாள். முன் அறையில் நின்ற ஷிராஸ் அதைக் கேட்டு மழையில் இறங்கி நின்றுகொண்டார். மழைச் சத்தத்தையும் மீறி ஒழுங்கை முழுக்கக் கேட்டது. இஸ்ரா தாத்தா ஓடிவந்து, "குரல், குரல், ஆம்புளைங்க நிக்கிறாங்க புள்ள" என்றார். றஷீனா குரலைக் குறைக்கவில்லை.